குமுதா அக்காவின் சைக்கிள் பெரட்டு

சைக்கிள் பந்தயக் குழுக்களைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் கடவுள். அவருக்கும் சந்தேகம் வந்தால் மலேசியாவில் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் இறங்கி, குமுதா அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவார். பெல்ஜியத்துச் சாலையில் எந்தக் கல் ஆடுகிறது என்று பெல்ஜியக்காரனுக்குத் தெரியாது; அக்காவுக்குத் தெரியும். ஆல்ப்ஸ் மலையே அக்கா டிவி முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து நிற்கும்.

இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் தீபன். பதினேழு வயது. நான்காம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் அவனும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டயர்க் கடையில் வேலை. அவன் வாயில் வருவது பாதி பொய், மீதி பெரிய பொய் என்று டீக்கடை பத்துமலை அண்ணன் சொல்வார். ஆனால் அக்கா விஷயத்தில் அவன் கூட்டிச் சொன்னது கொஞ்சம்தான்.

குமுதா அக்கா ஈப்போவில் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்று, மரமெல்லாம் சாய்த்து, தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் கட்டிய இடத்தில்தான் குடியிருக்கிறார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதை அவர் ஒளிப்பதும் இல்லை.

ஒரு வருசம் நாடு சுற்றும் சைக்கிள் பந்தயம் தாப்பா வழியாக மலை ஏறியது. அன்றைக்கு அக்கா பஸ்ஸில் கல்யாணக் கூட்டம். போலீஸ் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டது. முகூர்த்தம் போய்விடுமே என்று உள்ளே இருந்தவர்கள் திட்ட, அக்காவும் சேர்ந்து திட்டினார். அப்புறம் வந்தார்கள். அத்தனை சைக்கிளும் ஒரே காற்றாக உரசிப் போனதில் பஸ் கண்ணாடி அதிர்ந்தது. முடிந்தது என்று சாவியைத் திருப்பப் போனபோது, பின்னால் ஒருவன் தனியாக வந்தான். சட்டைக்குள் முன்னும் பின்னும் தண்ணீர் பாட்டில்கள்; பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருந்தான். அத்தனை பாரத்தோடு, கண்ணுக்கே தெரியாமல் போய்விட்ட தன் ஆட்களைப் பிடிக்க மலையில் மிதித்துக்கொண்டிருந்தான். பிடித்தானா இல்லையா என்று தெரியாமல் அக்காவுக்குக் கல்யாணச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் டிவியில் பந்தயம் பார்க்க ஆரம்பித்தார்.

தேடித் தேடி, வருசம் முழுக்க ஓடும் எல்லாக் குழுவும் அவருக்குப் பக்கத்து வீட்டு ஆட்களாகிவிட்டன. தோட்டக் காலத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பேர். கூப்பிடுகிறவர் மண்டோர், ரப்பர் பால் எடை போட்டுக் கணக்கு வைப்பவர் கிராணி. அக்கா அதை அப்படியே சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பக்கத்தில் பத்துமலை அண்ணனின் ஒட்டுக்கடையில் பெரட்டு நடக்கும். அக்கா மண்டோர். குழுவின் பேரைக் கூப்பிட்டதும், அந்தக் குழுவை எடுத்துக்கொண்டவர் டீயை வைத்துவிட்டு ‘இருக்கு’ என்று சொல்ல வேண்டும். பிறகு தீர்ப்பு. ஒழுங்காக உழைத்த குழுவுக்கு முழு நாள், ஏனோதானோ என்று ஓடியதற்கு அரை நாள், ஏமாற்றியதற்குப் பேர் வெட்டு.

புள்ளிக் கணக்கை அக்கா திரும்பியும் பார்ப்பதில்லை. அது கிராணி வேலை என்று தீபன் தலையில் கட்டிவிட்டார். அவனும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை, ஈப்போவில் தவ்கே, அதாவது முளைப்பயறு, விற்கும் கம்பெனி ஒரு குழு இறக்கியிருப்பதாக முகம் மாறாமல் புளுகி வாசித்தான். பத்துமலை அண்ணன் ‘இருக்கு’ என்றதோடு நில்லாமல், அவர்கள் மலையில் நன்றாக ஏறுவதாகச் சாட்சியும் சொன்னார்.

அக்கா பந்தயம் பார்ப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜெயிக்கிறவனை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். அவனுக்குக் காற்றை மறைத்து முன்னால் ஓடி, செத்துப்போய் ஒதுங்குகிறவன் எங்கே என்று திரையின் ஓரத்தில் தேடுவார். ஒருவனுடைய தோளைப் பார்த்து, அடுத்த வளைவில் விட்டுவிடுவான் என்பார். அடுத்த வளைவில் அவன் விட்டுவிடுவான். தீபனுக்கு மயிர் கூச்செறியும். வெளியே காட்டாமல் பிஸ்கட்டைக் கடித்துக்கொள்வான்.

பிறகு ஒரு வருசம் ஜனவரியில்தான் வினை வந்தது. கதவுக் கீல் விற்கும் கம்பெனி ஒன்று ஆரஞ்சுச் சட்டையில் ஒரு ஏழைக் குழு வைத்திருந்தது. மூன்று வருசப் புள்ளியைக் கூட்டிப் பதினெட்டு இடத்துக்குள் வராத குழுவை இரண்டாம் தரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கணக்கு முடியும் வருசம் அது.

“கீலுக்கு எண்ணெ போடலன்னா கத்தும்லா. இவனுங்க இப்பவே கத்துறானுங்க. அக்டோபர்ல ஹாபிஸ், கதை முடிஞ்சிரும்” என்றார் பத்துமலை அண்ணன்.

அக்கா கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவனுங்க கீழ விழுந்தா, அடுத்த வருசம் நான் இங்க மண்டோரா நிக்க மாட்டேன்.”

அக்கா சொன்னால் சொன்னதுதான். சந்தியில் இருந்த பள்ளத்தை மூடும்வரை டுரியான் பழம் தொடமாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மூன்று பருவம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்.

கீல் குழுவுக்கு அது நல்ல வருசமாக இல்லை. தலைவன் ஏப்ரலில் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான். மிச்சமிருந்தவர்கள் தண்ணீர் சுமக்கிறவர்கள்தான். ஜூலையில் ஒரு நாள் அவர்களில் ஒருவன் காலையிலேயே தனியாகக் கிளம்பி, மழையில் மூன்று மலை ஏறி இறங்கினான். முடிவுக் கோடு கண்ணில் படும் தூரத்தில் அவனைப் பிடித்துவிட்டார்கள். அக்கா எழுந்தார். கோயிலுக்குள் போவது மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டும்வரை நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பிஸ்கட் டின்னில் பிளாஸ்டிக் கரப்பான் போட்டு வைத்திருந்த தீபன், ஓசைப்படாமல் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கடைசிப் பந்தயம் சீனாவில். ஞாயிறு சாயங்காலம் கடை நிரம்பிவிட்டது. கீல் குழுவுக்கும், தயிர் கம்பெனி வைத்திருந்த குழுவுக்கும் இடையில்தான் போட்டி. ஒருவர் தங்க, ஒருவர் விழ வேண்டும். இரண்டு பக்கமும் யாரும் ஜெயிக்கவில்லை. தயிர்க்காரன் ஒன்பதாவதாக வந்தான். கீல்காரன் கும்பலுக்குள் எங்கேயோ வந்தான். அக்கா ஒவ்வொரு குழுவாகக் கூப்பிட்டு வருசத் தீர்ப்பு சொல்லிக்கொண்டே போனார். தீபன் போனில் கணக்கைத் திறந்தான். தயிர் பதினெட்டு. கீல் பத்தொன்பது.

அடுத்த வருசத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவன் ஒரு நிமிசம் நினைத்துப் பார்த்தான். டிவி ஓடும். பத்துமலை அண்ணன் டீ ஆற்றுவார். யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள்.

“கீல்,” என்றார் அக்கா. “கிராணி, எடை என்ன?”

“பதினெட்டு. தங்கிட்டானுங்க” என்றான் தீபன், தவ்கே கம்பெனியைச் சொன்ன அதே முகத்தோடு.

கடையே கூத்தாடியது. பத்துமலை அண்ணன் தன் ஆரூடம் தோற்றதற்கு எல்லாருக்கும் தே தாரிக் டீ ஊற்றினார். அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘முழு நாள்’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, பஸ்ஸில் ஏறப் போன அக்கா தீபனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“ஒன்பதாவதா வந்த தயிர்க்காரன் எதுக்குடா கட்டிப் புடிச்சிக் குதிச்சான்?”

தீபன் போனைப் பைக்குள் தள்ளினான்.

“கீல் குழுவுல மெக்கானிக்க ஒவ்வொருத்தனா வந்து கட்டிப் புடிச்சாங்க. யாரும் குதிக்கல. தோட்டத்த வித்தப்போ எங்க லயத்து வீடுகள்ல அப்பிடித்தான் புடிச்சாங்க. புள்ளி பாக்காட்டி எனக்கு இதுகூடத் தெரியாதா?”

“அக்கா, சும்மா வெளாட்டுக்குலா...”

“கிராணி எடையில திருடுவான்னு எங்கம்மா சொல்லும். எடைய கூட்டிப் போட்ட கிராணிய இன்னிக்குத்தான் பாக்குறேன்.” அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். “நாளைக்கே பத்துமலை கிட்ட உண்மைய சொல்லிரு. நான் சொன்னது சொன்னதுதான். அடுத்த வருசம் பேர் கூப்பிடப் போறது நீ. எடை நான் போடுறேன். என் எடை சரியா இருக்கும்.”

தீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையால் கண்ணைத் தேய்த்தான்.

“என்னாடா?”

“டயர்க் கடைப் புழுதிக்கா. கண்ணுல விழுந்துருச்சு.”

அக்கா சாவியைத் திருப்பினார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடா. கடை லீவு.”