படிக்கட்டருகே நின்ற பிள்ளை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன், மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நானும் என் பிள்ளையும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் இருக்கிறோம். நான் பேக்கிங், பிள்ளை பாகம் பூட்டும் லைன். மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் சேர்ந்தே போவோம். அதில் பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படித்தான் உட்காருவோம். மகள் என்றுதான் நாங்கள் வளர்த்தோம். ஆனால் முன்னால் சீட் காலியாக இருந்தாலும் பிள்ளை படிக்கட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"இன்னாண்ணே, உம் பொண்ணு கண்டக்டர் வேலைக்கு சேந்துகீதா?" என்பார்கள் பின்சீட்டில். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் உரசினால் தாங்காது, சத்தம் ஆகாது. அதனால்தான் நிற்கிறது என்று நானே முடிவு கட்டினேன். கதவுக்குப் பின்னால் ஒற்றைச் சீட் ஒன்று உண்டு. வழக்கமாக அதில் உட்காரும் அக்காவிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் தலை குனிந்தபடி உட்கார்ந்து வந்தது. பிறகு, வேலைக்கே போகமாட்டேன் என்று படுத்துவிட்டது.

கல்லூரியை விட்டபோதும் இப்படித்தான். ஒரு வருடம் அறையை விட்டு வெளியே வரவில்லை. மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

எதிரில் உட்கார்ந்து கேட்டால் அதற்குப் பேச்சு வராது. பக்கத்தில் நடந்தால் வரும். ஏரிக்கரைக்கு அழைத்துப்போனேன்.

"தனி சீட்டுதானேம்மா, யாரும் உரசலையே?"

"சீட்டு நல்லாத்தான்பா கீது. ஆனா அது லேடீஸ் பக்கம்."

"அப்போ என்னாண்ட வந்து உக்காரு."

"அதுவும் இல்லப்பா." கொஞ்ச தூரம் நடந்தது. "எல்லாருக்கும் உள்ளயே தெரியும்ன்றாங்க, நான் பொண்ணு, நான் ஆம்பளைன்னு. நானும் தேடிப் பாத்துகினுதான் கீறேன். எனக்குள்ள ரெண்டும் இல்ல. மத்த பொண்ணுங்களப் பாத்து சிரிக்கிறது, உக்கார்றது எல்லாம் காப்பி அடிச்சேன். வூட்டுக்கு வந்தா பேசக்கூடத் தெம்பு இல்ல."

"ஆட்டிசத்தால வந்ததா இது?"

"தெரியலப்பா. ரெண்டையும் தனித்தனியா பிரிக்க வரல. ரெண்டும் சேந்ததுதான் நானு."

நானும் மற்றவர்களைப் பார்த்துத்தான் ஆம்பளையாக இருக்கக் கற்றுக்கொண்டேன். லுங்கியை மடித்துக் கட்டியதும் தோளில் தட்டிப் பேசியதும் அப்படித்தான். எனக்கு அது ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்கு ஒட்டவில்லை. அவ்வளவுதானா என்று தோன்றியது. பெரிய வியாதி என்று பயந்து போனவனிடம் ஒன்றுமில்லை என்று சொன்னது போல இருந்தது.

"இனிமே 'ம்மா' போட்டுக் கூப்புட மாட்டேன்," என்றேன்.

"மறந்து போட்டாலும் பரவால்ல," என்றது.

திங்கட்கிழமை பிள்ளையும் கூடக் கிளம்பியது. எந்தப் பக்கமும் சேராத இடம் ஒன்று கிடைக்குமா என்று டிரைவரிடம் மெல்லக் கேட்டேன். அவர் என்ஜின் பக்கத்து சீட்டிலிருந்த துணியை எடுத்துத் தட்டினார். "வா, உக்காரு. இங்க லேடீஸும் இல்ல, ஜென்ட்ஸும் இல்ல. சூடு மட்டும் பொறுத்துக்கணும்."

"சூடு ஓகே," என்று பிள்ளை உட்கார்ந்தது.

பின்சீட்டில், "கண்டக்டருக்கு பிரமோஷனா?" என்றார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. "எம் புள்ளைக்கு அதான் தோது," என்றேன். ஒருவர் "சரிண்ணே" என்றார். பேச்சு ஓவர்டைம் பக்கம் போய்விட்டது.

அன்று ஒரகடம் வரும்வரை பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

ஆவணி, கடைசி ஞாயிறு.