காருக்குக் கோத்திரம் கேட்கிறவர்

சாவியைக் கையில் வாங்கமாட்டார். மாலையையும் தொடமாட்டார். முதலில் குனிவார். இடுப்பில் செருகியிருக்கும் துண்டின் நுனியை உருவி, புது வண்டியின் முகப்பில் இருக்கும் சின்னத்தை, அது ஏற்கெனவே பளபளவென்று இருப்பதைப் பொருட்படுத்தாமல், அழுத்தித் துடைப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை உற்றுப் பார்ப்பார். அப்புறம்தான் நிமிர்ந்து கேட்பார்: "இதுக்கு முதலாளி யாரு?"

"நான்தான் சாமி" என்பார் வாங்கியவர், பெருமையாக.

"உம்மைக் கேக்கலை. இதைப் பண்ணினவனுக்கு யாரு முதலாளின்னு கேக்கறேன்."

நெம்மேலிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் ஆஞ்சநேயர் கோயிலில் ஸ்ரீனிவாசராகவ பட்டர் வாகன பூஜை செய்யும் லட்சணம் இது. வண்டி என்று ஒன்று வாங்கினால் அவர் கையால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று கூடுவாஞ்சேரியிலிருந்து கடப்பாக்கம் வரை ஒரு நம்பிக்கை. பட்டர் பழம் வைத்த வண்டி புளியமரத்தில் மோதினால் அடிபடுவது மரம்தான் என்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோயில் வாசலில், இருக்கையின் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்.

சங்கல்பத்துக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பது எல்லா அர்ச்சகர்களும் செய்வதுதான். இவர் வண்டிக்கும் சேர்த்துக் கோத்திரம் கேட்கிறார். அதாவது, கம்பெனி யாருடையது, அந்தக் கம்பெனியை வைத்திருக்கும் கம்பெனி யாருடையது, கடைசியில் லாபம் யார் பெட்டியில் போய் விழுகிறது. ஒரு தனி முதலாளியின் பெட்டி என்றால் பட்டருக்கு ஆட்சேபணை கிடையாது. அவன் எந்த நாட்டுக்காரனாகவும் இருக்கலாம், எவ்வளவு பெரிய பேராசைக்காரனாகவும் இருக்கலாம். வேறொரு நாட்டு அரசாங்கமே முதலாளியாக உட்கார்ந்திருக்கும் கம்பெனி என்றால் மட்டும் கற்பூரத் தட்டு கீழே இறங்கிவிடும்.

"தனி மனுஷன் கையில லாபம் போச்சுன்னா என்ன பண்ணுவான்? வீடு கட்டுவான். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுவான். மிஞ்சினா இன்னொரு வீடு கட்டுவான். அரசாங்கத்துக்குப் போச்சுன்னா பீரங்கின்னா வாங்கும்! நாளைக்கு அது நம்ம எல்லையில வந்து நின்னா, அதுல ஒரு போல்ட்டு நீர் குடுத்த காசு. அந்த போல்ட்டுக்கு நான் ஆரத்தி காட்டணுமா?"

இந்த ஞானம் அவருக்கு மத்தியான வேளையில் வந்தது. நடை சாத்திய பிறகு மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு போனில் பேச்சுக் கேட்பது அவர் வழக்கம். அப்படி ஒருநாள், ஏதோ ஒரு தேசத்தில் அரசாங்கமே கார் விற்கிறது, அதே அரசாங்கம் கூட்டமாகச் சாமி கும்பிடுகிறவர்களையும் சங்கம் வைக்கிற தொழிலாளிகளையும் பிடித்து உள்ளே போடுகிறது என்று ஒருவர் பேசக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே கோயில் வாசலில் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை. அபத்தமாக இருந்தால் சிரித்துவிட்டு வேறு கோயிலுக்குப் போயிருப்பார்கள்.

"உங்க போனும் அந்த ஊர் போன்தானே?" என்று யாராவது மடக்கினால் அசரமாட்டார். "இது தனி முதலாளி. விசாரிச்சுட்டேன்" என்பார். விசாரித்தது அந்தப் போனிலேயேதான்.

கூடுவாஞ்சேரி ஷோரூம் ஒன்றில் வண்டி டெலிவரி பார்க்கும் ஜான்சனுக்கு இவரால் தீராத தலைவலி. வாங்கியவர்களைப் புது வண்டியோடு கோயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவது அவருடைய வேலை.

"இன்னா சாமி, லோனு, இன்சூரன்சு, நம்பரு எல்லாம் முடிச்சிக்கினு கஸ்டமரு சிரிச்ச மூஞ்சியா வர்றாரு. கடசீல நீங்க ஒரு கேள்வி கேட்டு பேஜாரு பண்றீங்களே! எங்க சர்ச்சுல பாஸ்டரு பானெட்டு மேல கைய வெச்சி ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிடுவாரு. இன்னா கம்பெனின்னு கூட கேக்கமாட்டாரு."

"அது உங்க பாஸ்டரோட தாராள மனசு. எங்க ஆஞ்சநேயர் கறாரா இருப்பார்." ஆஞ்சநேயர் இதுவரை யாரையும் எதுவும் கேட்டதில்லை என்பதை ஜான்சன் மரியாதை கருதிச் சொல்லவில்லை. ஆனால் வேறொன்றைக் கேட்டுவிட்டார்.

"இந்தக் கோயிலே கவர்மெண்டு கைலதான சாமி கீது?"

"அதனாலதான்ப்பா சொல்றேன். அரசாங்கம் முதலாளியா இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

சட்டம் முதலில் பாய்ந்தது ஜானகிராமன் மீது. கடப்பாக்கத்துக்காரர். மாமல்லபுரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கி, பழைய டீசல் வண்டியின் புகையைக் குடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். போன ஆவணியில் மின்சார வண்டி ஒன்றை வாங்கி, மனைவி சந்திரம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, மஞ்சள் பையில் எலுமிச்சம்பழங்களோடு வந்து நின்றார். பட்டர் குனிந்தார், துடைத்தார், நிமிர்ந்தார். கற்பூரத் தட்டு கீழே இறங்கிவிட்டது.

"நல்லா பாருங்க சாமி, பேரு வெள்ளக்காரன் பேரு. அவுங்க தாத்தா காலத்து கம்பெனி!"

"பேர் வெள்ளைக்காரன் பேர்தான். அவன் நொடிச்சுப்போய் அந்த அரசாங்கத்துக்கு வித்துட்டானே. ஸ்வீகாரம் போன பிள்ளைக்குப் பெத்தவா கோத்திரம் கிடையாதுப்பா, எடுத்துண்டவா கோத்திரம்தான்."

"அப்ப பெட்ரோல் வண்டி மட்டும் யோக்கியமா? அந்த எண்ணெயும் எந்த நாட்டு கவர்மெண்டு கிட்டேந்தோ தான வருது?"

"பெட்ரோலுக்கு நான் பூஜை பண்றதில்லையே" என்றார் பட்டர்.

இந்த பதிலைப் பட்டர் ஒரு வாரம் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். ஜானகிராமன் பழங்களை மஞ்சள் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். வேறு கோயிலில் வைத்துக்கொள்ளச் சந்திரம்மாவுக்குச் சம்மதமில்லை. "அந்த சாமி வெச்சாத்தான் பழம். இல்லாங்காட்டி பொழுது சாஞ்சப்புறம் நீ வண்டிய எடுக்கக் கூடாது" என்று அவள் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். ராத்திரிச் சவாரி போயிற்று. அன்றுமுதல் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜானகிராமன் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டு, "இன்னா சாமி, கோத்திரம் மாறிச்சா?" என்று கேட்பார். பட்டர் துளசியைக் கொடுத்துத் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார்.

பட்டருக்கு ஒரே பெண், ஹம்சினி. மாமல்லபுரத்து வீட்டிலிருந்து செங்கல்பட்டு ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்தாள். ஐப்பசி மழையில், திருக்கழுக்குன்றம் சாலை வளைவில், மணல் லாரி ஒன்று உரசிவிட்டுப் போனதில் முழங்கையில் தையல். லாரிக்காரன் நிற்கவேயில்லை. அதற்குப்பிறகு அவள் வீடு திரும்புகிறவரை பட்டருக்குச் சோறு இறங்கியதில்லை. தட்டை மூடிவைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். யாராவது கேட்டால், செம்பருத்திக்குத் தண்ணீர் விட வந்தேன் என்பார், கொட்டுகிற மழையிலும்.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் கடைசியாக ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சத்தமே இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஹம்சினி இறங்கினாள். பக்கத்திலிருந்து அவள் அம்மா சௌந்தரவல்லி, பட்டுப்புடவையும் கமுக்கமான சிரிப்புமாக. பின்னாலிருந்து சாவிப் பொட்டலத்தோடு ஜான்சன். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. தீர்த்தத்துக்கு வந்திருந்த ஜானகிராமன் தூணோரம் ஒதுங்கிக்கொண்டார்.

"சொல்லவே இல்லையேடி!" என்று பட்டர் பூரித்துப்போனார். பூரிப்போடேயே குனிந்தார். துண்டின் நுனியை எடுத்துத் துடைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று பார்த்தவர்கள் பயந்தார்கள்.

"அம்மாடி, இது யாரோடதுன்னு தெரியுமோ?"

"என்னோடதுப்பா."

"அதைக் கேக்கலைம்மா..."

"தெரியும்ப்பா. நீங்க சொல்ற அந்த அரசாங்கத்தோடதுதான். தெரிஞ்சேதான் வாங்கினேன். என் சம்பளத்துக்கு இத்தனை ஏர்பேக் வேற யாரும் குடுக்கலை. நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா லாரி வந்து இடிச்சா அந்தப் பைதானேப்பா என்னைத் தாங்கும்?"

பட்டர் நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை இறக்கினார், மறுபடி ஏற்றினார். வாசலில் நின்றவர்களெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வேண்டாம். ராகு காலம் வந்துடும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குன்னா" என்றாள் சௌந்தரவல்லி. "உங்க பீரங்கியைக் கொஞ்சம் அந்தண்டை தள்ளி வெச்சுட்டு எலுமிச்சம்பழத்தை எடுங்கோ."

பட்டர் எடுக்கவில்லை. ஹம்சினிக்குக் கோபம்கூட வரவில்லை. "இத்தனை பேருக்கு முன்னாடி உங்க வார்த்தை மாற வேண்டாம்ப்பா. நான் இப்படியே எடுத்துண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் உறுமும், மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு நிமிஷமாவது கிடைக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் நகர்ந்தது. எத்தனையோ வண்டிகள் அந்த வாசலிலிருந்து கிளம்பியிருக்கின்றன. ஒவ்வொன்றும் பழத்தை நசுக்கும் பச்சக் சத்தத்தோடுதான் கிளம்பும். இந்தச் சக்கரம் வெறும் மண்ணில் உருண்டது. ஊரார் வண்டிக்கெல்லாம் பழம் வைத்த மனுஷன் தன் பெண்ணின் வண்டிக்கு வைக்கவில்லை. பட்டருக்குத் திருக்கழுக்குன்றம் வளைவும், மழையும், நிற்காமல் போன அந்த லாரியும் கண்முன்னால் வந்தன. பயம் என்றால் அப்பட்டமான பயம். எல்லையாவது, பீரங்கியாவது. ஓடிப்போய் இரண்டு கையையும் பானெட்டின்மேல் ஊன்றினார்.

"நில்லு."

உள்ளே போனவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஆஞ்சநேயருக்குச் சாத்த அரைத்து வைத்திருந்த சந்தனம். கை நிறைய வழித்து, முகப்பில் இருந்த சின்னத்தின் மேல் அப்பினார். மறுபடி வழித்து அப்பினார். ஓரத்தையெல்லாம் விரலால் மெழுகினார். கடைசியில் சின்னம் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் உருண்டைதான் இருந்தது.

"இப்போ இது எந்தக் கம்பெனி வண்டி?" என்று கேட்டார்.

"தெரியலையே சாமி" என்றார் ஜான்சன், அவசரமாக.

"எனக்கும் தெரியலை."

சங்கல்பம் நடந்தது. ஹம்சினிக்குப் பாரத்வாஜ கோத்திரம் என்று சொன்னார். பிறகு வண்டிக்கும் அதையே சொன்னார்.

"அது நம்ம கோத்திரமாச்சேப்பா!"

"ஸ்வீகாரம் எடுத்துண்டாச்சு" என்றார் பட்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

நாலு பழமும் நசுங்கின. சத்தம் நன்றாகக் கேட்டது. சௌந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி திரும்பி மாமல்லபுரம் சாலையில் ஏறி மறைகிறவரை பட்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மூச்சு விட்டதை ஜான்சன்கூடக் கேட்டிருப்பார்.

அப்போதுதான் தூணோரம் நின்றிருந்தவர் முன்னால் வந்தார். ஜானகிராமன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தோளில் தொங்கிய மஞ்சள் பையைக் கழற்றி வாயை விரித்துக் காட்டினார். உள்ளே புது எலுமிச்சம்பழங்கள். "சாமி" என்றார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் அவருடைய வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பட்டர் கிண்ணத்தில் ஒட்டியிருந்த மிச்சச் சந்தனத்தை வழித்தெடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தார். வண்டியின் முன்னால் போய் நின்றார். குனிந்தார். துண்டை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இடது கையால் சின்னம் இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, சந்தனத்தை அப்பினார்.