மெயின் ஸ்விட்சில் தொங்கிய துண்டு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் எல்லாவற்றையும் சொல்வேன், ஒன்றைத் தவிர. பாண்டிச்சேரியில் மொழிபெயர்ப்பு ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை என்பதைச் சாமியாரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்வார். எனக்கு இஷ்டமில்லை.

அந்தாளிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மெஷினை எப்படிப் பொருத்துவது, எப்படி ஓட்டுவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் ஆங்கில மேனுவல்களை ரஷ்ய மொழிக்கு மாற்றும் வேலை. மரக்காணத்துக்காரிக்கு ரஷ்யன் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். பொம்பளைப் பிள்ளையை ஒர்க்‌ஷாப்பில் எவனும் சேர்த்துக்கொள்ளவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். குளிர்காலம் முழுக்க அங்கே ரஷ்யர்கள்தான். முதலில் காதால் பிடித்தேன். பிறகு வாரம் இரண்டு நாள் சென்னைக்கு பஸ்ஸில் போய்வந்து முறையாகப் படித்தேன்.

மெஷின் பாஷையில் ஒரு தொல்லை உண்டு. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு டிக்‌ஷனரி ஐந்து ரஷ்யச் சொல் கொடுக்கும். எது சரி என்று அந்தப் பாகத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்க்காமல் எழுத மாட்டேன். என் அண்ணன் மரக்காணத்தில் உப்பு கழுவும் ஆலையில் ஃபிட்டர். அவனுக்குப் படம் அனுப்பிக் கேட்பேன். ‘கிளாண்ட்’ என்று ஒரு சொல் வந்தபோது, டிக்‌ஷனரி மனுஷ உடம்பின் சுரப்பியை முதலில் காட்டியது. அண்ணன் பம்பைக் கழற்றிப் படம் எடுத்து வாய்ஸ் மெசேஜ் போட்டான்: “இதாண்டி கிளாண்டு. தண்ணி ஒழுகாம இருக்க உள்ள கயிறு சுத்துவோம் பாரு, அது.” அதற்குப் பிறகுதான் ‘சால்னிக்’ என்று எழுதினேன். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்கள் நாலாயிரத்தைத் தாண்டின. சந்தேகமான இடத்தை மஞ்சளாக்கி, பக்கத்தில் கம்பெனிக்கு ஒரு கேள்வி எழுதி வைப்பேன். மஞ்சள் இருக்கும்வரை புத்தகம் அச்சுக்குப் போகக்கூடாது என்பது என் சட்டம்.

அந்தாளுக்கு மஞ்சளைக் கண்டாலே ஆகாது. “எடும்மா அத. கஸ்டமர் பாத்தா நமக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சுக்குவான்” என்பார். நான் எடுக்க மாட்டேன். முறைத்துக்கொண்டு போவார்.

கடைசியாக என் கைக்கு வந்தது எங்கள் ஊர் மெஷின். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் செய்த உப்பு கழுவும் மெஷினை ரஷ்யாவில் ஒரு உப்புக் கம்பெனி வாங்குவதாக இருந்தது. அதன் ஆங்கில மேனுவலை ஒர்க்‌ஷாப்காரரே எழுதியிருந்தார். அதில் ஓரிடத்தில் இரண்டே வரி: மெயின் ஸ்விட்சில் துண்டைப் போடவும், மெஷினை ஓட்டுமுன் துண்டை எடுக்கவும். எங்கள் பக்கத்து ஆள் யாருக்கும் இது புரியும். மெஷினுக்குள் இறங்குகிறவன் கரண்டை நிறுத்திவிட்டு, தன் துண்டை ஸ்விட்ச் கைப்பிடியில் தொங்கவிட்டுத்தான் இறங்குவான். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். முதலாளியே வந்தாலும் அதைத் தொடக்கூடாது. துண்டுக்காரன் வெளியே வந்து தன் கையால் எடுக்க வேண்டும்.

ரஷ்யாக்காரனுக்கு இது எப்படித் தெரியும்? அவர்கள் ஊரில் ஸ்விட்சைப் பூட்டி, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று பலகை மாட்டுவார்கள். அந்த இரண்டு வரியை நான் எட்டு வரியாக விரித்து எழுதினேன். முழுவதையும் மஞ்சளாக்கி, ஒர்க்‌ஷாப்பைக் கேட்க வேண்டும் என்று குறித்தேன்.

அந்த வாரம்தான் அந்தாள் தேனாகப் பேசினார். “உன் வார்த்தை லிஸ்ட்ட எனக்கு ஒரு காப்பி அனுப்பும்மா, பேக்கப்புக்கு.” அனுப்பினேன், மடச்சி. அடுத்த திங்கட்கிழமை, “இனிமே கம்ப்யூட்டரே பண்ணிக்கும்மா. உன் லிஸ்ட்ட அதுக்குக் குடுத்துட்டேன்” என்றார். கறிவேப்பிலையைப் போலத் தூக்கிப் போட்டார். ஒரு மாதம் கழித்து அவருடைய வெப்சைட்டில் என் நாலாயிரம் சொற்களும் அவர் தொகுத்த அகராதியாக நின்றன, மேலே பல்லிளிக்கும் போட்டோவோடு. என் அண்ணன் கிரீஸ் கையோடு எடுத்த படங்கள்கூட அதில் இருந்தன. இருடா, உன் மூக்கை உடைக்காமல் விடமாட்டேன் என்று கறுவினேன்.

ஏப்ரலில் வழி கிடைத்தது. மெஷினைக் கப்பலில் ஏற்றும் முன்பு அண்ணனுடைய ஆலையில் வைத்து ஓட்டிக் காட்ட ஏற்பாடு. ரஷ்யாவிலிருந்து ஒரு இன்ஜினியர் வருகிறார், அவர் பேச்சை மொழிபெயர்க்க அந்தாளும் வருவார். அச்சடித்த மேனுவலில் ஒன்றை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்த்தவர் என்று அந்தாள் பெயர். துண்டு வரும் பக்கத்தைத் தேடினேன். என் எட்டு வரியும் இல்லை, மஞ்சளும் இல்லை. கம்ப்யூட்டர் போட்ட இரண்டு வரி மட்டும் இருந்தது. படிக்கிறவன், உப்புத்தூசி படாமல் ஸ்விட்சை மூடிவைக்கும் துணி என்றுதான் நினைப்பான்.

“மாட்டினடா மவனே” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

“என்னடி?” என்றான் அண்ணன்.

“ஒண்ணும் இல்லண்ணா.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போடுவான், அவர்கள் திருத்திவிடுவார்கள், அந்தாள் தப்பித்துவிடுவார். சோதனை ஓட்டத்தன்று எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தை நானே விரித்து, ரஷ்யனிடம் ரஷ்ய மொழியிலேயே சொல்ல வேண்டும். அந்தாள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அண்ணனுக்கு டிபன் கொடுக்கிற சாக்கில் ஆலைக்குப் போனேன். பத்து மணி வெயிலுக்கே உப்பு அம்பாரம் கண்ணைக் கூசியது. அந்தாள் கோட்டு போட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “நீ எங்கம்மா இங்க?”

“எங்க ஊரு சார்” என்றேன்.

இன்ஜினியர் தாடிக்காரர், நிதானமானவர். மேனுவலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு வரிவரியாக டிக் போட்டார். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் ஏதோ கேட்டார். அந்தாள் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து போனை நீட்டினார். கடல்காற்றிலும் பம்புச் சத்தத்திலும் போன் உளறியது. இன்ஜினியர் மறுபடி கேட்டார். அந்தாள் “தா, தா” என்றார். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். அவர் கேட்டதோ, இது எத்தனை டன் கழுவும் என்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தாளுக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் பேந்தப் பேந்த விழிப்பதைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருட எரிச்சலுக்கு அது அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்ததில், மெஷின் நின்றதைக் கவனிக்கவில்லை. உப்பு கட்டியாக அடைத்து, அதைத் தள்ளும் பெரிய ஸ்க்ரூ ஓடவில்லை. யாரோ கரண்டை நிறுத்தினார்கள், யாரோ உள்ளே இறங்கினார்கள். இன்ஜினியர் மேனுவலில் ஒரு பக்கத்தைத் திருப்பினார், படித்தார், தலையாட்டினார், மெயின் ஸ்விட்சை நோக்கி நடந்தார். அதில் ஒரு நீலக் கட்டம் போட்ட துண்டு தொங்கியது. அவர் அதை எடுத்து, ஒழுங்காக மடித்து, ஓரமாக வைத்தார். மேனுவலில் டிக் போட்டார்.

அந்தத் துண்டை எனக்குத் தெரியும். மெஷினின் கதவடியில் அண்ணனுடைய செருப்பு கிடந்தது.

“ஸ்தோய்! தாம் சிலவ்யேக்!” நில், உள்ளே ஆள் இருக்கிறான் என்று கத்தினேன். அப்படியொரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்ததில்லை. இன்ஜினியரின் கை ஸ்விட்ச் கைப்பிடியில் இருந்தது. அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அண்ணன், “எவடி அவ, என்னத்துக்குக் கத்துறா?” என்று தலையை நீட்டினான். அவன் தலையைப் பார்த்ததும் இன்ஜினியர் கைப்பிடியை விட்டுவிட்டு உப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான் நினைத்ததெல்லாம் நடந்தது. பக்கத்தை விரித்துக் காட்டினேன். துண்டு என்றால் என்ன என்று சொன்னேன். இதை எழுதியது யார் என்று அவர் கேட்டார். கடைசிப் பக்கத்துப் பெயரில் விரலை வைத்து, அப்படியே விரலை அந்தாள் பக்கம் திருப்பினேன். இன்ஜினியர் எழுந்து அவரைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசினார். ஒர்க்‌ஷாப்காரர், ஆலை முதலாளி, உப்பு வாரும் பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அந்தாள் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னம்மா சொல்றான்?” என்று என்னிடம் கெஞ்சினார்.

“உங்க கம்ப்யூட்டரக் கேளுங்க சார்.”

எல்லாரும் போன பிறகு அண்ணனும் நானும் ஆலைக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். துண்டைத் தோளில் போட்டிருந்தான்.

“அந்த வரி தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ புக்கு கொண்டாந்த அன்னிக்கே.”

“ஏன் சொல்லல?”

“அந்தாளு எல்லார் எதிர்லயும் அசிங்கப்படணும்னு இருந்தேன்.”

அவன் ரோட்டைப் பார்த்தபடி டீயை ஊதினான். “பட்டானா?”

“பட்டான்.”

“நல்லாவா?”

“நல்லாண்ணா.”

“அப்ப சரி” என்றான். துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். அதை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டு, டீயைக் குடிக்காமலேயே எழுந்து நடந்தான்.