தரைப்பாலத்தில் நின்ற மினிபஸ்

என் அம்மா ஊராட்சி மன்றத் தலைவரான மறுவருஷம், எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஒரு வாரம் முழுக்க ஊர் ஊராக வரப்போகிறார் என்று தகவல் வந்தது. நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் புது வீடு, புது ரோடு என்று ஏதோ நடந்துகொண்டிருந்தது. குமராட்சியிலிருந்து உள்ளே, பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்த எங்களை மட்டும் யாரும் எட்டிப்பார்க்கவில்லை என்று ஊரில் ஒரு குறை இருந்தது.

திங்கட்கிழமை சிதம்பரத்தில் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை வரை கிராமங்கள், சனிக்கிழமை கடலூரில் அதிகாரிகளோடு கூட்டம் என்று திட்டம். எந்த ரோடு, எந்தப் பாலம் என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். போகிற இடமெல்லாம் எம்.எல்.ஏ. ஒரே பேச்சைத்தான் பேசினார். ரோடு வந்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் வேலை வரும். அது வெறும் பேச்சில்லை என்று காட்ட, பெரிய அரிசி ஆலை கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரையும் கூடவே அழைத்து வந்தார். பக்கத்து ஊர்க் கூட்டங்களில் கேட்டுக் கேட்டே, புதன்கிழமைக்குள் அந்தப் பேச்சு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பாலம். வாய்க்காலின் குறுக்கே இருந்தது தரைப்பாலம். கைப்பிடி கிடையாது, அகலமும் கிடையாது. மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலேயே ஓடும். பாலம் தாங்காது என்று சிதம்பரத்திலிருந்து வரும் டவுன் பஸ் அக்கரையில் கைகாட்டி நிறுத்தத்தோடு திரும்பிவிடும். ஊருக்குள் வந்துபோன ஒரே வண்டி என் மாமாவின் மினிபஸ்தான். மாமா அம்மாவுக்குத் தம்பி. சிங்கப்பூரில் ஆறு வருஷம் வெல்டராக இருந்துவிட்டு வந்து வாங்கிய வண்டி. அதை அவரே ஓட்டினார், அவரே கழுவினார், ஹாரன் மட்டும் அடிக்க எனக்கு எப்போதாவது அனுமதி உண்டு. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் அவரும் எடுக்கமாட்டார். அன்றைக்குப் பிள்ளைகள் பாலத்தோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து கடந்து, கைகாட்டியில் டவுன் பஸ் ஏற வேண்டும்.

அம்மா உயர்மட்டப் பாலம் கேட்டு நாலு மனு கொடுத்திருந்தார். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவிடம்தான் பேசுவார்கள். அப்பா, "தலைவர் அவுங்கதான், அவுங்களயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். கடைசியில் ஒருநாள் பதில் வந்தது. தரைப்பாலம் நல்ல நிலையில் உள்ளது, உயர்மட்டப் பாலம் தற்போது தேவையில்லை. அம்மா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து பீரோவில் வைத்தார்.

வியாழக்கிழமை எங்கள் முறை. மேடை அக்கரையில், கைகாட்டியில் போட்டார்கள். காலை எட்டரைக்கு வந்து, கால் மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வாய்க்காலைத் தாண்டி வருவதாக நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. அம்மா எம்.எல்.ஏ.வின் உதவியாளரிடம் கேட்டுப்பார்த்தார். "அந்தத் தண்ணியில கார் எறங்காதும்மா, டைமும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா இதை மாமாவிடம் சொன்னபோது அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கார் எறங்கலன்னா என்னா? என் வண்டி எறங்கும். நாளைக்குக் காலையில ட்ரிப்பு எடுக்கல. மேடைக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்திப்புடறன்."

"அவரு ஏறுவாராடா?"

"அவர யாரு ஏறச் சொன்னா? நீ மேடையில பேசு. மத்தத நான் பாத்துக்கறன்."

வரவேற்புரை படிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைவரின் மகள் என்பதால் இல்லை, என் குரல் கணீரென்று இருப்பதால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். மைக் வேலை செய்யவில்லை. அதனால் என் நம்பிக்கை இன்னும் பலமானது. மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி படித்து முடித்தேன்.

எம்.எல்.ஏ. எங்களுக்கு மனப்பாடமான பேச்சைப் பேசி முடித்து இறங்கியபோது, கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரும் நாற்காலியில் இல்லை. மினிபஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேடான புறம்போக்கு நிலம் கிடக்கிறது, எந்த வெள்ளத்திலும் முழுகாது, ஆலைக்குத் தோதான இடம், ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். நிலம் இருந்தது உண்மை, மேடாக இருந்ததும் உண்மை. எம்.எல்.ஏ. மினிபஸ்ஸைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனியை விட்டுவிட்டுப் போக முடியுமா. ஏறினார். பின்னாலேயே அவரோடு வந்திருந்த ரோடு, பாலம் பார்க்கும் அரசாங்க என்ஜினீயர் ஏறினார், அம்மா ஏறினார். யாரும் இறங்கச் சொல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

தரைப்பாலத்தின் மேல் கெண்டைக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மெதுவாக இறக்கினார். சரியாக நடுப்பாலத்தில் வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. சாவியை இரண்டு தடவை திருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"அணஞ்சிபோச்சு சார். கொஞ்சம் நேரம் புடிக்கும். நடந்தீங்கன்னா நாலு எட்டுதான்."

எம்.எல்.ஏ. ஜன்னல் வழியாகத் தண்ணீரை எட்டிப்பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டி, தண்ணீரில் இறங்கினார். கம்பெனிக்காரர்கள் பேன்ட்டைச் சுருட்டினார்கள். மாமா காலை ட்ரிப்பை நிறுத்திவிட்டதால், எதிரே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. பாசி வழுக்கி அவள் உட்காரப் போக, எம்.எல்.ஏ. கையிலிருந்த செருப்பை விட்டுவிட்டு அவளைப் பிடித்தார். செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது.

அவளைக் கயிற்றைப் பிடிக்கவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெனமும் இப்பிடித்தான் போறீங்களா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இல்ல சார். மாமா வண்டி வராத அன்னிக்கு மட்டுந்தான். தண்ணி இடுப்புக்கு வந்துட்டா போவமாட்டம்."

"அப்ப ஸ்கூலு?"

"லீவு சார். போன வருஷம் பதினெட்டு நாளு. அரையாண்டுப் பரீட்சையில ரெண்டு பரீட்ச நான் எழுதல. எழுதியிருந்தா நான்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்."

அவர் சிரிக்கவில்லை. என்ஜினீயரிடம் திரும்பி, "லிஸ்ட்ல இந்தப் பாலம் எப்பிடி இருக்குன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"நல்ல நிலைன்னு சார்."

"எப்ப வந்து பாத்தீங்க?"

"மே மாசம் சார்."

கூடவே நடந்துவந்த அம்மா சொன்னார்: "இப்பப் பாத்ததையும் அதுலயே எழுதிக்கிங்க சார்."

என்ஜினீயர் தண்ணீரில் நின்றபடியே நோட்டை எடுத்து எழுதினார்.

நாங்கள் கரையேறியதும் பின்னால் மினிபஸ் சட்டென்று உயிர் பெற்றது. மாமா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். எம்.எல்.ஏ. அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரிப்பேரு சரியாப் போச்சாய்யா?"

"சரியாப் போச்சு சார்."

"நீ எலெக்‌ஷன்ல நின்னுடாத," என்றார் எம்.எல்.ஏ. அப்போதுதான் சிரித்தார். ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே போய் நிலத்தைப் பார்த்தார். கம்பெனிக்காரர்கள் மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார்கள். அந்த ஆலை கடைசிவரை வரவில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை அம்மா கடலூருக்குப் போனார். என்னையும் அழைத்துப்போனார், மாமாதான் ஓட்டினார். கூட்டம் முடியும் வரை நானும் மாமாவும் வேப்பமரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். நாலு மணிக்கு அம்மா வேகமாக வெளியே வந்தார். அவர் நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பட்டியலில் ஏழாவதாக எங்கள் பாலம். வழியில் வடலூரில் நிறுத்தி மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். நான் படித்த வரவேற்புரையால்தான் பாலம் வந்தது என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

திரும்பும்போது அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மாமா பக்கம் திரும்பி, "நல்லா யோசிச்சியாடா?" என்று கேட்டார்.

"யோசிக்காமயா தண்ணியில நிறுத்துனன்?" என்றார் மாமா.

அவர்கள் இஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து, "இஞ்சின்ல தண்ணி போவலம்மா, நான் பாத்தன்," என்றேன். மாமா கியரை மாற்றினார்.

பாலம் கட்டி முடிய இரண்டு வருஷம் பிடித்தது. திறந்த அன்றைக்கே டவுன் பஸ் மாலை போட்டுக்கொண்டு எங்கள் ஊருக்குள் வந்தது. அம்மாவை ரிப்பன் வெட்ட அழைத்தபோது அதிகாரிகள் யாரும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கூட்டத்துக்குள் புகுத்தி, டவுன் பஸ்ஸின் முதல் சீட்டில் உட்காரவைத்தவர் மாமாதான். பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது நான் எழுந்து நின்று பார்த்தேன். கீழே தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஓடியது. அந்த வருஷம் நான் ஒருநாள்கூட லீவு போடவில்லை. முதல் ரேங்க் எடுத்தேன்.

ஒரே மாதத்தில் மினிபஸ்ஸில் ஏற ஆளில்லாமல் போனது. பொங்கலுக்கு முன்னால் காடாம்புலியூர்க்காரர் ஒருவர் வந்து அதை வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அன்று அம்மா சாப்பிடாமலேயே படுத்துவிட்டார். பாலம் வந்த பிறகும் இவருக்கு என்ன குறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மாமா வெளியூரில் ஒரு லாரிக் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தார். ஏன் மாமா என்று கேட்டதற்கு, "பத்துச் சக்கர வண்டி ஓட்டணும்னு ரொம்ப நாளா ஆச" என்றார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் போகும்போது தோழிகள் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். மாமாவின் திறமைக்கு அந்தச் சின்ன வண்டி போதாது, இத்தனை நாள் எங்களுக்காகத்தான் பொறுத்துக்கொண்டு அதை ஓட்டியிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.