பிஸ்கட் ஜாடிக்குள் ஓடிய வெள்ளாறு

விருத்தாசலத்துக்குப் பீங்கான் சாமான் செய்து வாங்கப் போகிறவர்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் போய்த் திண்டாடிய கதையையே எழுதிவிடுகிறேன், அதற்குள் வழியும் இருக்கிறது.

அப்போது கோவையில் ஒரு பம்புப் பட்டறையில் வடிவமைப்பு என் வேலை. வெள்ளாற்றங்கரைக்கு நாங்கள் கொடுத்த பம்புகள், குழாய்க்குள் மின்விசிறி மாதிரி ஒரு சக்கரம் சுழன்று தண்ணீரை நேராகத் தள்ளும் ரகம். ஓடும்போது உள்ளே ஜல்லியைப் போட்டு உலுக்குவது போல் சத்தம். ஒரே போகத்தில் இறக்கைகள் அரித்துப்போயின. மதராஸில் ஒரு கம்ப்யூட்டரில், அட்டை அட்டையாகத் துளையிட்டு, உள்ளே தண்ணீர் ஓடும் விதத்தைக் கணக்குப் போட்டேன். இறக்கையின் அடிப்பகுதியை இன்னும் முறுக்க வேண்டும் என்றது கணக்கு. முதலாளி நம்பவில்லை.

“காயிதத்துல தண்ணி ஓடுமாப்பா? கண்ணுல காட்டு. இல்லீன்னா திங்கக்கெழமை பழைய சக்கரத்தையே ஊத்திப்போடுவேன்.”

இப்படிக் கேட்பார் என்று எதிர்பார்த்து, கண்ணாடிக் குழாய்க்குள் சின்னச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டத் தயாராகியிருந்தேன். மரத்தில் செய்தால் நீரில் ஊறும், பித்தளைக்கு நாளாகும். அதனால் பழைய வடிவில் ஒன்று, புதிய வடிவில் ஒன்று என இரண்டு மாதிரிச் சக்கரங்களைப் பீங்கானில் செய்ய விருத்தாசலத்தில் முன்பே வரைபடம் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, சேலத்திலிருந்து ஏறக்குறைய நூற்றுநாற்பது கிலோமீட்டர் பாசஞ்சரில் குலுங்கி, கையில் கண்ணாடிக் குழாயோடு அங்கே போய் இறங்கினேன். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் கொட்டகை ஒன்றில், அச்சு செய்யும் செல்வராணி வைக்கோலை விலக்கிச் சக்கரங்களை எடுத்து நீட்டினார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. குழாய்க்குள்தான் நுழையவில்லை.

பீங்கான் சூளையில் சுருங்கும். அதற்காக வரைபடத்தையே பெரிதாக்கிக் கொடுத்திருந்தேன். அந்த ஊர் அச்சுக்காரர்களோ, எந்த அளவு வந்தாலும் கேட்காமலே பெரிதாக்குவது வழக்கம். ஆக, ஆளுக்கொரு தடவை பெரிதாக்கியிருந்தோம்.

“நீங்க ஏன் சார் பெருசாக்குனீங்க? அது எங்க வேலைங்க.”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா?”

“யாருகிட்டயும் கேக்க மாட்டோம் சார்.”

மறுபடி சுட, பொதுச் சூளையில் அவர் முறை அடுத்த வாரம்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மேஜைமேல் பிஸ்கட் ஜாடி. அதை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: சக்கரம் முழுவதும் ஒரே விகிதத்தில்தானே பெருத்திருக்கிறது, வடிவம் கெடவில்லையே! குழாய் பெரிதாகக் கிடைத்தால் போதும், அடியை உடைத்தால் ஜாடியும் குழாய்தான். அந்த ஜாடி கொஞ்சம் சிறியது. சமாதானம் பேச வந்த செல்வராணியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“மங்கலம்பேட்ட பாய் கடையில இதவிடப் பெருசு இருக்குதுங்க. பஸ்ஸு நிக்குது, வாங்க.”

“அடிய ஒடைச்சுட்டு என்னா சார் பண்ணுவீங்க?” என்றார் பாய். தண்ணீர் ஓடுவதைப் பார்க்க என்றேன். பிஸ்கட்டைத் தகர டின்னில் கொட்டிவிட்டு, ஜாடியின் கதியைப் பார்க்கத் தானும் பஸ் ஏறிவிட்டார்.

கொட்டகையில், மண்ணெண்ணெயில் நனைத்த நூலை ஜாடியில் சுற்றிக் கொளுத்தித் தண்ணீரில் அமுக்கியதும் அடி கழன்றது. இறக்கை நுனிகளைச் சாணைக்கல்லில் தேய்த்துப் பொருத்தினோம். இறக்கைகளில் சிவப்பு நூல் துணுக்குகளை ஒட்டித் தொட்டியில் இறக்கி, கையால் சுற்றும் டிரில்லால் சுழற்றினார் செல்வராணி. அதே தண்டில், பிளவு போட்ட அட்டை ஒன்றும் சுற்றியது. பிளவு வழியே பார்த்தால் சக்கரம் நிற்பது போலத் தெரியும்.

பழைய சக்கரத்தில், இறக்கையின் அடியில் நூல்கள் எழுந்து பின்னோக்கித் திரும்பின. தண்ணீர் அங்கேதான் முரண்டு பிடித்திருக்கிறது. புதியதை மாட்டினேன். பார்த்தேன். வாரிவிட்ட தலைமுடி மாதிரி நூல்கள் படிந்து கிடந்தன.

பாய் என்னைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தார். “நம்ம ஜாடிக்குள்ள வெள்ளாறே ஓடுது சார்!”

ஜாடியை மடியில் வைத்தபடியே கோவை திரும்பினேன். திங்கட்கிழமை முதலாளி வெகுநேரம் பார்த்துவிட்டுப் புதிய சக்கரத்தை வார்க்கச் சொன்னார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சுட்டு முடிந்தபின் சாமான் இருக்க வேண்டிய அளவை மட்டும் கொடுங்கள், சுருக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சூளையில் முறை எப்போது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் கண்ணாடி கொண்டுபோனால் கடைசி சீட்டில் உட்காராதீர்கள்.

அடுத்த போகத்தில், வெள்ளாற்றங்கரையில் புதிய சக்கரம் மாட்டியிருந்த கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். பம்பைப் பார்த்துக்கொள்ளும் விவசாயி என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். “என்னா பம்பு சார் குடுத்தீங்க? முன்னெல்லாம் வூட்டுல படுத்துக்கினே சத்தத்த வச்சு ஓடுதுன்னு தெரிஞ்சுக்குவேன். இப்ப எந்திரிச்சு வந்து வாய்க்கால்ல கைய வுட்டுப் பாக்க வேண்டியிருக்குதுங்க!”

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திட்டிக்கொண்டே இருந்தார்.