மெலிசாய்க் கீறிய மாவிறகு

எங்கள் விறகுக் கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் கல்யாணத்துக்கும் ஹோட்டலுக்கும். பின்வாசல் சாவுக்கு. ஊரில் தோட்டம் உள்ளவர்கள் வீட்டில் யாராவது போய்விட்டால், சிதைக்கு மாவிறகுதான் வழக்கம் என்பதால், தங்கள் மாமரத்தையே வெட்டிக்கொள்வார்கள். ஸ்ரீவராகம் பக்கத்து அக்ரகார வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. அங்கே மாமரத்துக்கு எங்கே போவது? அவர்கள் எங்கள் பின்வாசலில் வந்து நிற்பார்கள். நாங்கள் "வாங்க" என்று அழைப்பதில்லை. அவர்களும் "வாறேன்" என்று சொல்லிப் போவதில்லை. அந்த வாசலைத் தாண்டிய விறகு திரும்பி வரக் கூடாது. சாவுக்கான மாங்கட்டையை முன்கூட்டியே கீறியும் வைக்கக் கூடாது, அது யாரோ சாகட்டும் என்று காத்திருப்பது மாதிரி. இதெல்லாம் என் மாமனார் போட்ட சட்டம்.

புளியும் சவுக்கும் கூலியாள் கீறுவான். மாங்கட்டையை மட்டும் என் கணவர் யாரையும் தொட விடமாட்டார். மாமனார் இறந்தது, வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில். தடித்தடியாய் அடுக்கிய விறகு புகைந்து புகைந்து அணைய, பொழுதெல்லாம் இவர் சுடுகாட்டில் நின்றாராம். "அப்பாவ பாதி வேகவிட்டு நின்னேன் பாத்துக்கோ. அந்தக் கஷ்டம் வேற ஆருக்கும் வரப்பிடாது" என்பார். அதனால் மாவிறகை விரல் கனத்துக்கு, மெலிசாய்க் கீறிக் கொடுப்பார். எந்த மழையிலும் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்ட காலம் அது. கடை நொண்டிக்கொண்டுதான் நடந்தது. அப்போதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இனிமேல் கோடாலியைத் தொட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடையை மூடலாம் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, விறகு கீறும் மெஷினாவது வாங்குவோம் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதே பெரிது, முருங்கை மரத்து வேதாளத்தை இறக்கினாலும் இவரை இறக்க முடியாது.

கழக்கூட்டம் போகும் வழியில் ஒரு பட்டறையில் மெஷின்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆட்டோவில் போனோம். சும்மா போகவில்லை. கடையிலேயே முடிச்சு அதிகமுள்ள மாங்கட்டை ஒன்றை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இவனுக்கும் சார்ஜ் உண்டு, கேட்டோ" என்றார். வலி வந்தபின் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பட்டறையில் முதலில் காட்டியது, கூம்பு மாதிரி முனை சுழன்றுகொண்டே கட்டைக்குள் இறங்கும் மெஷின். வேகமென்றால் அத்தனை வேகம். வேட்டி நுனி சிக்கினால் ஆளையும் சேர்த்துச் சுருட்டிவிடும் என்று நான் கிட்டேயே போக விடவில்லை. இன்னொன்று அறுக்கவும் செய்யும், கீறவும் செய்யும், ஆனால் எங்கள் தெருவின் கரண்டுக்கு அது முனகக்கூட முனகாது. கடைசியாக ஒரு ஹைட்ராலிக் மெஷின். மெதுவாகத்தான் போகும், ஆனால் நெம்புகோலைத் தள்ளினால் கட்டையை நகர்த்திக் கொண்டுபோய் இரும்பு ஆப்பில் அழுத்தும், சத்தமில்லாமல் இரண்டாகும். எங்கள் மாங்கட்டையின் முடிச்சும் பிளந்தது. எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. இனி பயமில்லை என்று நினைத்தேன்.

அவர் பிளந்த துண்டைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஹோட்டலுக்குக் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பின்வாசலுக்குப் பத்தாது" என்றார். இன்னும் மெலிசாய்க் கீற வேண்டுமாம். விறகு எரிந்தால் போதாதா, இத்தனை மெலிசு எதற்கு என்று பட்டறைக்காரர் மலையாளத்தில் கேட்டார். இவர் தன் விரலை நீட்டி, இந்தக் கனம் என்று காட்டினார். நெருக்கமாய்ப் பல அலகு வைத்த ஆப்பு வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் தனியாகச் செய்து வரவேண்டும், மெஷினை அதோடு சேர்த்துத்தான் அனுப்ப முடியும் என்றார் பட்டறைக்காரர்.

"இதையே இப்ப கொண்டு போவம். செத்தவங்களுக்கா மெஷின் வாங்குதிய? இருக்க ஆளுக்கு வாங்குங்க" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

"பொறுட்டி. மழைக்கு முந்தி வந்திரும்."

மெஷின் வரும்வரை கோடாலியைத் தொடமாட்டேன், மாங்கட்டையையும் கூலியாளே கீறட்டும் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மழைதான் முந்தியது. ஒரு ஹர்த்தால் நாள், பஸ் இல்லை, கூலியாள் வரவில்லை. அக்ரகாரத்துக்காரர் ஒருவர் பின்வாசலில் நனைந்தபடி வந்து நின்றிருக்கிறார், அம்மா தவறிவிட்டாள் என்று. அவரிடம் இல்லையென்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. வண்டி கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கோடாலியை எடுத்துவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். தகரக் கூரையில் பெய்த மழை கோடாலிச் சத்தத்தை விழுங்கிவிட்டது. சோற்றுக்குக் கூப்பிடப் போனபோது, கீறி முடித்து அழகாக அடுக்கிய விறகின் பக்கத்தில் அவர் சாய்ந்து கிடந்தார். கை சில்லிட்டிருந்தது.

அந்த மனிதர் வண்டியோடு வந்தபோது வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. விறகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. பாதியை மட்டும் வண்டியில் ஏற்றினார். மீதியைக் காட்டி, "இத்தனை மெலிசாக் கீறியிருக்கார், அம்மாவுக்குப் பாதி போறும்மா. மீதி வாசலைத் தாண்டலை. இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அதில்தான் அவரை எரித்தோம். மழை விடவேயில்லை. சட்டென்று பற்றிக்கொண்டது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. இன்றைக்கும் அந்த ஆத்திரம் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மெஷின் வந்தது, அவர் கேட்ட ஆப்போடு. திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நான் பின்கட்டில் அதை இறக்கிவைக்கச் சொல்லி, கூரைக்கடியில் இருந்த மாங்கட்டை அத்தனையையும் ஒவ்வொன்றாக மெஷினுக்குக் கொடுத்தேன். விரல் கனத்துக்கு, அவர் கீறியது போலவே வந்தது. கூலியாள் பதறிப்போனான்.

"அக்கா, ஆரும் சாவாம கீறி வைக்கப்பிடாதுல்லா? ஆருக்கு இதெல்லாம்?"

"வாறவங்களுக்கு" என்றேன். "அடுக்கி வை. இனி ஆரு வந்து நின்னாலும் இந்த வீட்டுல ஒருத்தரும் கோடாலி எடுக்காண்டாம்."