சின்னத் துண்டு

சாப்பாட்டு நேரத்தில் யோசெப் பாண் ரொட்டியைச் சரிபாதியாகப் பிய்க்கமாட்டான். பெரிய துண்டைத் தின்றுவிட்டு, சின்னத் துண்டைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூலையில் வைத்து, மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். அகதியாக வந்த ஊரில், புவாண்ட்-கிளேர் கிடங்கில் அவனோடு பெட்டி அடுக்கும் ஞானேந்திரன் சும்மா விடமாட்டார்.

"ஆருக்கடா அது? கிடங்கு எலிக்கோ?"

"பேந்து தின்னுறன் அண்ணை."

யோசெப்புக்கு முப்பத்தொரு வயது. கேட்டால்தான் பேச்சு வரும். வலது கை மட்டும் அடிக்கடி இடுப்புக்குப் போய்வரும். சட்டைக்குள்ளே, அரையில் கட்டிய கறுப்பு நூலில், நடுவில் துளையுள்ள மஞ்சள் காசு ஒன்று. இருபத்தைந்து பெசேத்தா.

இரண்டாயிரத்து இரண்டு பெப்ரவரியில், ஸ்பெயின்காரரின் பெசேத்தா இந்த மாதத்தோடு செல்லாது, இனி யூரோதான் என்று கிடங்கு வானொலி சொன்னது. யோசெப்புக்கு நாக்கு அடங்கவில்லை.

"பெசேத்தா எண்டால் சின்னத் துண்டு, அண்ணை. கத்தலான் பாஷையிலை. நிறை எண்ட சொல்லிலையிருந்து வந்தது எண்டும் சில பேர் சொல்லுறவை. நான் நம்பேல்லை."

"உதெல்லாம் உனக்கு எப்பிடியடா தெரியும்?"

"டீவியிலை... டீவியிலை சொன்னவங்கள்." அவசரமாக அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

பார்சலோனாவில் ஒரு பாண்கடைக்காரி சொன்னது அது. யோசெப்பும் தம்பி வின்சன்டும் அங்கே பதினொரு மாதம் ஒளிந்திருந்தார்கள். மிஞ்சிய பாணைப் பிய்த்துக் கொடுப்பாள். சின்னத் துண்டைத் தூக்கிக் காட்டி, காசுக்குப் பெயர் இதிலிருந்துதான் என்பாள். ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் இருவரில் யோசெப்பை மட்டும் விமானம் ஏற்றினான். வின்சன்ட் இன்னும் அங்கேதான்; அவன் நினைவாக யோசெப்பிடம் இருப்பது அந்தக் காசு மட்டும். யோசெப்பின் அகதி மனுவிலோ ஸ்பெயினும் இல்லை, தம்பியும் இல்லை. ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தபடி எழுதியது. உண்மை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறைத்தால், வின்சன்டைத் தம்பி என்று சொல்லி ஒருநாளும் இங்கே வரவழைக்க முடியாது.

அகதி மனு விசாரணை நாள் காலை, பியர்பொன்ட்ஸ் வீட்டில் அக்கா அக்னெஸ் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"செல்லாக் காசு ஒண்டுக்காகப் பிடிபடப் போறியோ? சட்டையைத் தூக்கு."

நூல் அறுந்தது. காசு அவள் கைப்பைக்குள் போனது.

"எந்த நாட்டாலை வந்தனி?"

"கொழும்பிலையிருந்து நேரை."

"சகோதரம்?"

"நீங்கள் மட்டும்தான்."

பஸ்ஸிலும் அதையே கேட்டாள். மெத்ரோ ரயிலிலும் கேட்டாள். ஒருமுறைகூட அவன் தவறவில்லை.

விசாரணை அறையில் அவனுக்கு நேர் பின்னால் அக்னெஸ் உட்கார்ந்தாள். அதிகாரி பிரெஞ்சில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்களுக்குச் சகோதரங்கள் எத்தனை பேர்?"

யோசெப் வாய் திறந்தான். வலது கை இடுப்புக்குப் போனது. சட்டைக்கு மேலே தடவியது, இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவியது. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார்.

யோசெப் அதிகாரியின் முகத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. கை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நீண்டு, அக்னெஸின் மடியிலிருந்த கைப்பைக்கு நேரே உள்ளங்கையை விரித்தது.